ஒட்டகச்சிவிங்கி ஒன்றல்ல, நான்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் கென்யா சுற்றுலா பற்றி வந்த கட்டுரையையும், அதன் ஓரத்தில் பெட்டிச் செய்தியாகக் கொடுத்திருந்த ‘ஒட்டகச்சிவிங்கிகளுக்கு இனி ஆபத்தில்லை’ என்ற குறிப்பையும் படித்தேன். கட்டுரை பயனுள்ளது. பெட்டிச் செய்திதான் உறுத்துகிறது. ஒட்டகச்சிவிங்கிகளின் இன்றைய மொத்தம் என்று அதில் இருக்கும் 1,40,000 என்ற எண்ணில் தவறில்லை. அந்த எண்ணிலிருந்து எடுத்த முடிவு தவறு. ஆப்பிரிக்காவுக்குச் சுற்றுலா போகும் தமிழ்க் குடும்பங்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடி வருவதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

1985 வாக்கில் ஒட்டகச்சிவிங்கிகளின் எண்ணிக்கை ஒன்றரை லட்சத்துக்கும் மேல். 2015-இல் அது 97,562 என்று மதிப்பிடப்பட்டது. மூன்று தலைமுறைக்குள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது என்பதால் 2016-இல் ஐ.யு.சி.என். என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அதை அழிவாய்ப்புள்ள இனமாக அறிவித்தது. இப்போது 1,40,000 என்றால், பத்தே ஆண்டில் நாற்பதாயிரம் குட்டிகள் பிறந்து வளர்ந்துவிட்டன என்று பொருளல்ல. பதினைந்து மாதம் வயிற்றில் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும் விலங்கு இது. பல இடங்களில் பிறந்த குட்டிகளில் பாதிக்கு மேல் முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. கூடிய எண்ணில் ஒரு பங்குதான் உண்மையான பெருக்கம். மறுபங்கு, முன்பு எண்ணப்படாத இடங்களையும் எண்ணியதாலும், கணக்கெடுக்கும் முறை செம்மைப்பட்டதாலும் வந்தது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. ஒட்டகச்சிவிங்கியை ஒரே இனமாக எண்ணுவதை 2025 ஆகஸ்டில் ஐ.யு.சி.என். கைவிட்டு, நான்கு இனங்கள் என்று முறைப்படி ஏற்றுக்கொண்டது. மரபணு ஆய்வுகள் 2016 முதலே இதைச் சொல்லி வந்தன. தெற்கு இனம் சுமார் 69,000, மசாய் இனம் சுமார் 44,000, வலைவரி இனம் சுமார் 21,000, வடக்கு இனம் ஏறக்குறைய 7,000. மொத்தத்தில் பாதி தெற்கு இனத்தின் கணக்கு என்பது பார்த்தாலே தெரியும். நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் தனியார் நிலங்களில்கூட அது நன்றாகப் பெருகியிருக்கிறது. ஆனால் நமீபியாவில் எத்தனை பெருகினாலும், சாட் நாட்டில் ஒன்று செத்தால் அந்த இடத்தை நிரப்ப அங்கிருந்து ஒன்றைக் கொண்டுபோய் விட முடியாது. வேறு இனம், வேறு மண். செனகல், மாலி, நைஜீரியா, புர்கினா ஃபாசோ, கினி, மௌரிடானியா, எரித்ரியா ஆகிய ஏழு நாடுகளில் ஒட்டகச்சிவிங்கி அடியோடு இல்லாமல் போய்விட்டது. இவற்றில் பெரும்பாலானவை வடக்கு இனம் உலவிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகள். மொத்த எண்ணிக்கையை மட்டும் அச்சிட்டால் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

வடக்கு இனத்தின் நிலைமை உகாண்டாவின் மர்ச்சிசன் ஃபால்ஸ் தேசியப் பூங்காவைப் பார்த்தால் விளங்கும். பூங்காவின் குறுக்கே நைல் ஓடுகிறது. உலகிலேயே அதிகமான நுபிய ஒட்டகச்சிவிங்கிகள் இதன் வடகரைப் புல்வெளியில்தான் இருக்கின்றன. நுபியம் என்பது வடக்கு இனத்தின் ஓர் உட்பிரிவு. அங்கே அவற்றை வாட்டுவது சாதாரண இரும்புக் கம்பி. பழைய டயரை எரித்தால் உள்ளிருக்கும் எஃகுக் கம்பி மிஞ்சும். அதை முறுக்கிச் சுருக்குப் போட்டு, ஒரு முனையை மரத்திலோ கனமான கட்டையிலோ கட்டி, மான் நடக்கும் தடத்தில் புல்லுக்குள் மறைத்து வைக்கிறார்கள் திருட்டு வேட்டைக்காரர்கள். கறிக்காகத்தான். குறி கோப் மானும் காட்டெருமையும். ஒட்டகச்சிவிங்கி அவர்கள் கணக்கிலேயே கிடையாது. ஆனால் நாலைந்து மீட்டர் உயரத்தில் கண்ணை வைத்திருக்கும் விலங்குக்குக் காலடியில் கிடக்கும் கம்பி எங்கே தெரியும்? மாட்டிக்கொண்டதும் ஓர் இழுப்பு இழுக்கும். ஆயிரம் கிலோ உடல் இழுத்தால் கம்பி அறும், அல்லது கட்டை பிடுங்கிக்கொண்டு வரும். சுருக்கு மட்டும் காலிலேயே தங்கிவிடும்.

அதற்குப் பிறகு வருவதுதான் கொடுமை. ஒவ்வோர் அடிக்கும் சுருக்கு இறுகுகிறது. முதலில் தோல், பிறகு தசைநாண், கடைசியில் எலும்பு. குளம்புக்கு ரத்தம் போகாமல் கால் வீங்கிச் சீழ் வைக்கும். நொண்டும் விலங்கால் கூட்டத்தோடு நடக்க முடியாது. தண்ணீர் குடிக்க முன்னங்கால்களை அகட்ட முடியாது. சாவதற்கு வாரக்கணக்கில் ஆகும். லாரியின் ஸ்பிரிங் பட்டையை வளைத்துச் செய்த பல்லுள்ள இரும்புப் பொறிகளும் அங்கே உண்டு. அதில் மாட்டினால் குளம்பே போய்விடும்.

கம்பியை எடுக்க வேண்டுமானால் விலங்கைப் படுக்க வைத்தாக வேண்டும். நம் வனத்துறை யானைக்கு மயக்க ஊசி போடும் செய்திகளை வாசகர்கள் அடிக்கடி படிக்கிறார்கள். யானை பெரும்பாலும் நின்றபடியே மயங்கும். லாரியில் ஏற்றி வேறு காட்டுக்குக் கொண்டுபோகும் அளவுக்கு நேரம் கிடைக்கும். ஒட்டகச்சிவிங்கிக்கு அந்த வசதி இல்லை. இரண்டு மீட்டர் கழுத்துக்கு மேலே மூளைக்கு ரத்தம் ஏற்றுவதற்காக, சுமார் 11 கிலோ எடையுள்ள அதன் இதயம் மனிதருடையதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு ரத்த அழுத்தத்தில் இயங்குகிறது. இதற்குப் போடும் எட்டோர்ஃபின் போன்ற மருந்துகள் மூச்சை அமுக்கும். அரைமயக்கத்தில் விலங்கு தலையை அண்ணாந்துகொண்டு கண்மண் தெரியாமல் ஓடும். ஓட ஓட உடம்பு சூடேறும். பள்ளத்தில் விழுந்து கழுத்து முறியலாம். விழுந்த பிறகு தலை வயிற்றைவிடத் தாழ்ந்துவிட்டால், அசைபோடும் தீனி மேலேறி வந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும்.

ஆகவே கையாளும் முறையே வேறு. மருந்தைக் குறைத்துப் போடாமல் கூட்டிப் போடுகிறார்கள். எவ்வளவு சீக்கிரம் தள்ளாடுகிறதோ அவ்வளவு நல்லது. வெயில் ஏறுவதற்கு முன், ஓடையும் பள்ளமும் இல்லாத சமதரையில்தான் ஊசி போடுவார்கள். தள்ளாட ஆரம்பித்ததும் ஆட்கள் வண்டியிலிருந்து குதித்தோடி, நீளக் கயிற்றை அதன் மார்புக்குக் குறுக்கே பிடித்துச் சுற்றிவந்து சாய்ப்பார்கள். சாய்ந்ததும் சாயாததுமாக மருத்துவர் கழுத்து ரத்தக் குழாயில் முறிமருந்தை ஏற்றிவிடுவார். அந்த நிமிடத்திலிருந்து விலங்குக்கு மயக்கம் கிடையாது. முழு விழிப்போடு படுத்திருக்கிறது. அதை எழவிடாமல் வைத்திருப்பவர்கள் மூன்று நான்கு மனிதர்கள். கழுத்தை வீசித்தான் ஒட்டகச்சிவிங்கியால் எழ முடியும் என்பதால், தலைக்குச் சற்றுப் பின்னால் கழுத்தின்மேல் அமர்ந்துவிட்டால் அத்தனை பெரிய உடல் தரையோடு அடங்கிப்போகும். கண்ணைத் துணியால் மூடுவார்கள். காதுக்குள் பஞ்சு திணித்த காலுறையைச் செருகுவார்கள். சத்தம் போகாவிட்டால் திமிறல் குறையும். ஒருவர் மூச்சை எண்ணிக்கொண்டே இருப்பார், ஒருவர் தோலின்மேல் தண்ணீர் ஊற்றுவார். கம்பிவெட்டியால் சுருக்கை வெட்டி, சதைக்குள் புதைந்த துண்டைத் தேடி எடுத்து, புண்ணைக் கழுவி, பல நாள் வேலை செய்யும் ஆண்டிபயாட்டிக் ஊசியைப் போட்டு முடிக்கப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் இருக்கிறது. பிறகு காலெட்டும் பக்கம் போகாமல் எல்லாரும் விலக, கழுத்தில் இருப்பவர்கள் கடைசியாக எழுந்து ஓட வேண்டும். அதன் உதை சிங்கத்தையே கொல்லும். மருந்திலும் ஆபத்து உண்டு: எட்டோர்ஃபின் மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வீரியமானது, தோலில் சிந்தினாலே மனிதர் மூச்சு நின்றுவிடலாம். அதனால் மனிதருக்கான முறிமருந்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்ட பிறகே துப்பாக்கியில் ஊசியை ஏற்றுவார்கள்.

இவ்வளவும் ஒரே ஒரு விலங்கின் ஒரே ஒரு காலுக்காக. உகாண்டா வனவிலங்கு ஆணையத்தின் மருத்துவர்களும் காவலர்களும் இதைத் திரும்பத் திரும்பச் செய்து வருகிறார்கள். நமீபியத் தலைநகர் விண்ட்ஹோக்கிலிருந்து இயங்கும் ஒட்டகச்சிவிங்கிப் பாதுகாப்பு அறக்கட்டளை அவர்களுக்குத் துணை நிற்கிறது. பத்திரிகைகளில் இந்த வேலைக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை என்பது வருத்தமான விஷயம்.

மர்ச்சிசனுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வடகரையில், இந்த விலங்குகள் மேயும் நிலத்துக்கு அடியிலேயே எண்ணெய் இருக்கிறது. துளையிடும் வேலையும் நடக்கிறது. எல்லாவற்றையும் ஒரே கரையில் வைத்திருப்பது சரியல்ல என்று, ஒட்டகச்சிவிங்கியே இல்லாமல் போயிருந்த தென்கரைக்கு 2016 ஜனவரியில் 18 விலங்குகளைப் படகில் ஏற்றி நைலைக் கடந்து கொண்டுபோய் விட்டார்கள். பின்னர் இன்னொரு கூட்டமும் போனது. இப்படி இடம் மாற்றும்போது முழு வளர்ச்சியடைந்த ஆணை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஐந்து மீட்டருக்கு மேல் உயரமுள்ள விலங்கை நிற்க வைத்து லாரியில் கொண்டுபோனால் வழியில் வரும் மின்கம்பிக்கும் மரக்கிளைக்கும் என்ன செய்வது? இரண்டு மூன்று வயது இளசுகளாகப் பார்த்துப் பிடிக்கிறார்கள். பிடித்ததும் உயரமான மர அடைப்பில் சில நாளோ சில வாரமோ வைத்து, ஒன்றோடொன்று பழகவும் மனிதக் குரலுக்கும் லாரிக்கும் பயம் தெளியவும் விட்ட பிறகே பயணம். ஓட்டுநர் சட்டென்று பிரேக் பிடித்தால் உள்ளே ஒன்று சரியும். சரிந்ததை மற்றவை மிதித்துவிடும்.

கென்யாவின் பாரிங்கோ ஏரியில் 2020-21-இல் நடந்ததைச் சிலர் படத்தில் பார்த்திருக்கலாம். ருகோ சமூகப் பாதுகாப்பு நிலத்தில் 2011-இல் கொண்டுவந்து விட்ட நுபிய ஒட்டகச்சிவிங்கிகள் இருந்த முனைநிலம், ஏரி நீர் ஏறியதால் தீவாகிவிட்டது. தீவும் கரைந்துகொண்டே வந்தது, தின்னத் தழையும் இல்லை. உள்ளூர் மக்களே இரும்புச் சட்டங்களைப் பற்றவைத்து, காலி டிரம்களின்மேல் மிதக்கும் செவ்வகத் தெப்பம் ஒன்றைச் செய்தார்கள். சுற்றிலும் உயரமான தடுப்பு. தெப்பத்தைக் கரையோரம் கட்டிவைத்து, வேலங்காய்களை உள்ளே வைத்துத் தின்னப் பழக்கினார்கள். தானாக ஏறும் விலங்குக்கு மயக்க மருந்தே வேண்டாம் அல்லவா? 2020 டிசம்பர் 2-ஆம் தேதி ஆசிவா என்ற பெண் விலங்கு முதலில் கரை சேர்ந்தது; 2021 ஏப்ரல் 12-இல் ஒரு தாயும் குட்டியும் கடைசியாக. மொத்தம் ஒன்பது. வனத்துறையும் அமைப்புகளும் பணமும் மருத்துவரும் கொடுத்தன என்றாலும், ஒரு காலத்தில் மேய்ச்சலுக்காகச் சண்டையிட்ட போகோட், இல்சாமுஸ் ஆகிய இரு சமூகத்தாரும் சேர்ந்து நடத்தும் நிலம் அது என்பதைச் சொல்லாமல் இருக்கக்கூடாது.

நைஜரில் வடக்கு இனத்தின் மேற்கு ஆப்பிரிக்க உட்பிரிவு 1996-இல் 49 என்ற அளவுக்குக் குறைந்துபோனது. தலைநகர் நியாமேயிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, கூரே என்ற பகுதியில் கம்பும் தட்டைப்பயறும் விளையும் வயல்களுக்கு நடுவே அவை பிழைத்துக் கிடந்தன. அங்கே வேலி கிடையாது, சிங்கமும் கிடையாது. மழைக்காலத்தில் மேட்டுக்காட்டில் இருக்கும், கோடையில் தாழ்வான பள்ளத்தாக்குக்கு இறங்கும். தட்டைப்பயறு முற்றும் நேரத்தில் கொல்லைக்குள் புகுந்தால் விவசாயிக்கு நட்டம்தான். வேட்டைத் தடையும், உள்ளூர் இளைஞர்களே வழிகாட்டிகளாக இருந்து பெற்ற சுற்றுலா வருமானமும், விவசாயிகளின் பொறுமையும் சேர்ந்து இன்று அவை 600-ஐத் தாண்டிவிட்டன. 2018-இல் எட்டு விலங்குகளைச் சுமார் 800 கிலோமீட்டர் லாரியில் கொண்டுபோய் கடபேஜி உயிர்க்கோளக் காப்பகத்தில் விட்டார்கள். ஆனால் 2020 ஆகஸ்டில் கூரேவிலேயே பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தார் ஆறு பேரும் நைஜரைச் சேர்ந்த இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுற்றுலா அதோடு முடங்கியது. நியாமேயின் அடுப்புகளுக்கு விறகு வெட்டுவது மட்டும் நிற்கவில்லை. இன்றைய நிலையில் யாரும் பார்க்கப் போக வேண்டிய இடமல்ல அது.

மின்கம்பி பற்றியும் ஒரு சொல். கென்யாவின் சொய்சாம்பு பாதுகாப்பு நிலத்தில் 2021 பிப்ரவரியில் மூன்று ஒட்டகச்சிவிங்கிகள் மின்சாரம் தாக்கிச் செத்தன. கம்பி அவற்றின் தலை உயரத்துக்குக் கீழே போயிருந்தது. ஆண் விலங்கு ஐந்தரை மீட்டர் வரை வளரும். கழுத்தை நீட்டினால் இன்னும் மேலே. கம்பம் நடுபவர்கள் மாட்டுக்கும் லாரிக்கும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நடுவில் தொய்வு விழும் இடத்தை அளந்து உயரமான கம்பம் போட்டால் தீர்ந்துபோகும் பிரச்சினை, செத்த பிறகுதான் தெரிய வந்தது.

இனி, போகிறவர்களுக்கு. தங்கள் கட்டுரையில் மசாய் மாரா என்று போட்டு அச்சிட்டிருந்த படம் அங்கே எடுத்தது அல்ல என்பதைச் சொல்லிவிட்டு இதைத் தொடங்கலாம். செங்கபில நிறத்தில் பெரிய பெரிய கட்டங்கள், இடையில் மெல்லிய வெள்ளைக் கோடு, வலை விரித்தாற்போல ஒழுங்கு: அது வலைவரி இனம், கென்யாவின் வட பகுதிக்குரியது. மசாய் இனத்தின் திட்டுகளுக்கு ஓரம் கிழிந்து கிழிந்து திராட்சை இலைபோல் இருக்கும், கால்வரை இறங்கும். நுபியத்துக்கு முழங்காலுக்குக் கீழே திட்டே இராது. வெள்ளைக் காலுறை போட்டது போலத் தெரியும். முதலில் கால்களைப் பாருங்கள், பிறகு திட்டின் ஓரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் இவ்வளவே போதும்.

வழக்கமாக நம் ஊர் ஏஜெண்டுகள் போட்டுத் தரும் பயணம் அம்போசெலி, நகுரு ஏரி, மசாய் மாரா என்று போகும். அதில் அம்போசெலியிலும் மாராவிலும் மசாய் இனம், நகுருவில் நுபியம். ஒல் பெஜெட்டாவோ சம்புருவோ இரண்டு இரவு சேர்த்துக்கொண்டால் வலைவரி இனமும் கிடைத்துவிடும். நான்கில் மூன்று இனத்தை ஒரே நாட்டில், ஒரே பயணத்தில் பார்க்கக் கென்யாவை விட்டால் வழியில்லை. நகுரு சுற்றிலும் வேலி போட்ட பூங்கா. அங்கே மரப்பட்டை உரிந்த வேல மரங்களைக் கவனித்தால், அடைபட்ட நிலத்தில் எண்ணிக்கை கூடினால் மரத்துக்கு என்ன ஆகும் என்பது தெரியும். வண்டியிலிருந்து இறங்கி நடந்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்குக் கென்யாவில் ஹெல்ஸ் கேட் பூங்கா இருக்கிறது. வாடகைச் சைக்கிளிலேயே போகலாம். தான்சானியாவின் அருஷா தேசியப் பூங்காவில் துப்பாக்கி ஏந்திய காவலரோடு நடக்கலாம். மர்ச்சிசனுக்குப் போகிறவர்கள் கருநீலமும் கறுப்பும் உடுத்த வேண்டாம். ட்செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும்.

ஜூன் முதல் அக்டோபர் வரையும், ஜனவரி, பிப்ரவரியிலும் வறட்சி. அப்போது தழை ஆற்றோரத்தில் மட்டும் பச்சையாக இருப்பதால் ஒட்டகச்சிவிங்கிகளும் அங்கே சேரும். மழைக்காலத்தில் காடெங்கும் சிதறிவிடும். காலையிலும் மாலையிலும் மேயும், நடுப்பகலில் நிழலில் நின்று அசைபோடும். ஓட்டுநரிடம் விலங்கைத் தேடச் சொல்வதற்கு முன் மரத்தைப் பாருங்கள். அவை தொடர்ந்து மேயும் இடத்தில் வேல மரங்கள் ஓர் உயரம்வரை சீவிவிட்டதுபோல் இடுப்பு ஒடுங்கி நிற்கும். கீழே ஒரு சாண் நீளத்துக்கு இரட்டைக் குளம்புத் தடம். சாணம் உடம்புக்குப் பொருந்தாத சிறு உருண்டைகளாக, உயரத்திலிருந்து விழுவதால் சிதறிக் கிடக்கும். சீழ்க்கை வேல மரத்தின் வீங்கிய முள்ளுக்குள் எறும்பு குடியிருக்கிறது. ஒரு கிளையை இழுத்த கொஞ்ச நேரத்துக்குள் எறும்பு நாக்கில் ஏறிவிடும் என்பதால் ஒட்டகச்சிவிங்கி அந்த மரத்தில் நெடுநேரம் நிற்காது. படம் எடுக்க நினைப்பவர் இன்னும் நெருங்கிப் போகலாம் என்று காத்திருந்தால் கிடைக்காது.

எல்லாம் மேய்வதை நிறுத்திவிட்டு ஒரே திசையைப் பார்த்து நின்றால் அங்கே சிங்கம் இருக்கலாம். உங்களைப் பார்த்து நின்றால், நீங்கள் நெருங்கியது போதும். எஞ்சினை அணைத்துவிட்டு இருந்தால் சில நிமிடத்தில் மறுபடி தழைக்குத் திரும்பிவிடும். தண்ணீர் குடிக்கும் விலங்கை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நெருங்க வேண்டாம். முன்னங்கால்களை அகட்டித் தலையை இறக்கிய நேரத்தில் அதனால் சட்டென்று ஓட முடியாது. அந்தப் பயத்தில் குடிக்காமலே திரும்பிப்போவதும் உண்டு. குட்டிகள் மட்டும் கூட்டமாக, தாய் இல்லாமல் நிற்பதைப் பார்த்து அனாதை என்று எண்ண வேண்டாம். தாய்கள் மேய்ச்சலுக்குப் போயிருக்கும். அவற்றுக்கும் குட்டிகளுக்கும் நடுவில் வண்டியை விடாமல் இருந்தால் சரி. தடத்தை விட்டு இறக்கி ஓட்டச் சொல்லி ஓட்டுநருக்கு டிப்ஸ் கொடுக்கும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. மாட்டிக்கொண்டால் அபராதமும் வேலையிழப்பும் அந்த ஓட்டுநருக்குத்தான்.

நீங்கள் எடுக்கும் படம் ஆய்வாளர்களுக்கு உண்மையாகவே உதவும். ஒவ்வொரு விலங்கின் திட்டுகளும் வேறு, சாகும்வரை மாறுவதில்லை. ஆகவே கணினி அந்த வடிவத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காண்கிறது. ஜிராஃப் ஸ்பாட்டர் என்ற இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் படம் ஏற்றலாம். ஆனால் முகத்தை மட்டும் நெருக்கமாக எடுத்த படம், நம்மில் பெரும்பாலோர் எடுப்பது அதுதான், அடையாளம் காண உதவாது. பக்கவாட்டில், நேர்க்குறுக்காக, கழுத்தடியிலிருந்து பின்தொடைவரை முழு உடம்பும் தெரிய வேண்டும். கிளை மறைக்கக்கூடாது; வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். இரண்டு பக்கத்துத் திட்டுகளும் வெவ்வேறு என்பதால் முடிந்தால் இரு பக்கமும் எடுங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் வலப்பக்கம். தேதி, நேரம், இடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆணா பெண்ணா என்பதற்குத் தலையிலுள்ள கொம்பைப் பார்த்தால் போதும்: பெண்ணுக்கு மெலிந்து, நுனியில் கறுப்பு மயிர்க்கொத்து இருக்கும், சண்டை போட்டுப் போட்டு மயிர் உதிர்ந்து வழுக்கையாக, தடித்து இருந்தால் ஆண்.

கால்களையும் ஒரு படம் எடுத்து அங்கேயே பெரிதாக்கிப் பாருங்கள். குளம்புக்கு மேலே வளையம்போல் வீக்கமோ, மயிர் போன கோடோ, நொண்டலோ தெரிந்தால் எந்தக் கால், எத்தனை மணிக்கு, எந்தத் திருப்பத்துக்குப் பக்கத்தில் என்று குறித்து ஓட்டுநர் மூலம் உடனே காவலருக்குச் சொல்லுங்கள். பின்தொடர்ந்து போக வேண்டாம். ஓடினால் சுருக்கு இன்னும் இறுகும். மருத்துவர் வரும்போது அது எந்தப் பக்கம் போனது என்பது தெரிந்திருந்தால் பாதித் தேடல் மிச்சம்.

கடைவீதியில் வால்முடியால் பின்னிய காப்பு, எலும்பில் செதுக்கிய பொம்மை, தோல் பை என்று காட்டுவார்கள். 2019-இல் ஒட்டகச்சிவிங்கி, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதற்குரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் வாங்கி வந்தால் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறையிடம் பதில் சொல்ல வேண்டிவரும். வால்முடிக்காக வாலை அறுத்தெடுப்பவர்கள் விலங்கை உயிரோடு விட்டுவிட்டு அறுப்பதில்லை.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைத் தங்கள் கட்டுரை குறிப்பிடவே இல்லை. கென்யாவிலிருந்தோ உகாண்டாவிலிருந்தோ திரும்புகிறவரிடம் சான்றிதழ் இல்லாவிட்டால் இந்தியாவில் இறங்கியதும் ஆறு நாள்வரை தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். கிளம்புவதற்கு முந்தின வாரம் ஓடினால் பயனில்லை. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். முன்பதிவும் பாஸ்போர்ட்டும் வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதும் செல்லும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், அறுபது வயதைக் கடந்தவர்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒன்பது மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் போட மாட்டார்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

இப்படிக்கு,
வாசகர்,
கோயம்புத்தூர்.